நிதானமாகப் பேசப் பழகிய கதை

முதல் வலி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஸ்ரீவில்லிபுத்தூரில் அக்கா வீட்டில், இலையில் சோறு விழுந்த நேரத்தில் வந்தது. மேல்வயிற்றில் தொடங்கி நேராக முதுகுக்குப் போய் அங்கேயே நின்றுகொண்டது. யாரோ என்னைச் சுவரோடு சேர்த்து ஆணி அடித்தது போலிருந்தது. அக்கா சமையலில் உப்பு கூடிவிட்டதோ என்றுதான் முதலில் பயந்தாள். அவ்வளவு மோசமாக இருந்தது என் முகம்.

அத்தான் திருப்பூரில் வேலை பார்ப்பவர். மாதம் ஒருமுறைதான் வருவார். வீட்டில் வண்டி கிடையாது. அக்கா தெருவில் ஓடி, எதிரில் வந்த ஒரு லோடு ஆட்டோவை மறித்தாள். அதில் நைட்டி மூட்டைகள் ஏற்றியிருந்தார்கள். அந்த மூட்டைகளின் மேல் படுத்துக்கொண்டு ராஜபாளையத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு மெத்தென்ற பயணத்தை அவ்வளவு கொடுமையாக அனுபவித்ததில்லை.

மருத்துவர் என்னைவிட இளையவர். ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"குடிப்பீங்களா?"

"எப்பவாச்சும். விசேஷம்னா."

"வாரத்துக்கு எத்தனை விசேஷம் வரும்?"

நான் யோசிப்பது போல் நடித்தேன். அக்கா யோசிக்கவில்லை. "ஏழு, சார்" என்றாள்.

கடுமையான கணைய அழற்சி (இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் கணையம் என்ற உறுப்பு வீங்கிப் புண்ணாவது) என்றார்கள். லைபேஸ் (கணையம் சுரக்கும் செரிமான நொதி, கணையம் அடிபட்டால் ரத்தத்தில் எகிறும்) இருக்கவேண்டிய அளவைவிடப் பல மடங்கு இருந்தது. "இனி ஒரு சொட்டு கூடாது. குறைச்சுக்கிறேன்னு சொல்றதும் கூடாது" என்றார் மருத்துவர்.

எனக்கு அப்போது முப்பத்தேழு வயது. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் எலக்ட்ரீஷியன். திருமணமாகவில்லை. ஏன் ஆகவில்லை என்று பலரும் பலவிதமாகச் சொல்வார்கள். உண்மைக் காரணம், மாலை ஆறு மணிக்கு மேல் நான் யாருக்கும் கிடைப்பதில்லை.

இதைப் படிப்பவர்களில் நிறுத்த நினைப்பவர்கள் இருக்கலாம். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: தினமும் குடிப்பவர்கள் வீட்டிலிருந்தபடி, வைராக்கியத்தில், ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். மருத்துவரிடம் போய் நிறுத்துங்கள். மூன்றாம் நாள் எனக்கு விலகல் அறிகுறிகள் (பழகிய குடி திடீரென்று கிடைக்காதபோது உடல் காட்டும் நடுக்கம், வியர்வை, மனக்குழப்பம்) தொடங்கின. வார்டு மின்விசிறி, ஆலையில் பழுதாகி நிற்கும் மோட்டாராகத் தெரிந்தது. கட்டிலின் மேல் ஏறி நின்று அக்காவிடம் ஸ்பேனர் கேட்டேன். அக்கா தயங்காமல் ஒரு சாப்பாட்டு ஸ்பூனை எடுத்துக் கொடுத்து, "இத வச்சுக்கிட்டு இறங்கு. கரண்ட் ஆஃப் பண்ணிட்டு வாரேன்" என்றாளாம். நான் கீழே இறங்கினேனாம். அன்று உயிர் பிழைத்ததில் மருந்துக்கும் பங்கு உண்டு. அந்த ஸ்பூனுக்கும் உண்டு.

ஒன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்று மாதம் அக்கா வீட்டில் ஓய்வு. கொழுப்பு குறைந்த உணவுதான் சாப்பிட வேண்டும். தெருவுக்கு நாலு பால்கோவா கடை இருக்கும் ஊரில் இந்தத் தண்டனையை எழுதிக் கொடுத்த மருத்துவருக்கு இரக்கமே இல்லை என்று நினைத்தேன். வாசலில் நின்றால் பால் சுண்டும் வாசனை. உள்ளே போனால் இட்லி. மூன்று மாதமும் இட்லி.

என்னை நைட்டி மூட்டைமேல் ஏற்றியதிலிருந்து அக்காவுக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. "இன்னொரு தடவ எவன் வண்டியையும் மறிக்க மாட்டேன்" என்று ஒரு ஸ்கூட்டரை வாங்கி, ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனாள். நாற்பத்திரண்டு வயதில். நடைப்பயிற்சி செய்யச் சொல்லியிருந்ததால் நானும் தினமும் காலையில் அவளோடு மைதானத்துக்குப் போனேன்.

அங்கேதான் செல்வராணி டீச்சரைப் பார்த்தேன். பெண்களுக்கு மட்டும் ஸ்கூட்டர் கற்றுத் தருபவர். முப்பத்தைந்து வயது இருக்கும். தொப்பி, முழுக்கைச் சட்டை, கழுத்தில் விசில். ஊரில் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். அக்கா வண்டியில் ஏறியதும் இரண்டு கால்களையும் தரையில் தேய்த்துக்கொண்டே போவாள். டீச்சர் பின்னால் ஓடியபடி கத்துவார்: "காலத் தூக்குங்கக்கா! உழவா அடிக்கீய!"

நான் சிரித்தேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். உடனே நான் செருப்பைப் பார்த்தேன்.

பெண்களிடம் எனக்கு இருந்த பழக்கம் அவ்வளவுதான். குடித்திருந்தால் பேசுவேன், பிரமாதமாகப் பேசுவதாக நினைத்துக்கொள்வேன். மறுநாள் என்ன பேசினேன் என்று தெரியாது, அவர்களுக்குத் தெரியும். குடிக்காமல் ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்து இரண்டு வாக்கியம் சொன்ன நினைவு, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சரிடம் விடுமுறை கேட்டதோடு நிற்கிறது.

நான் தேறி வருவதைப் பார்த்து அக்கா பெண் பார்க்க ஆரம்பித்தாள். தரகர் என்னைப் பற்றி, "மாப்பிள்ளைக்கு ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது" என்று சொல்லி வைத்திருந்தார். அப்போது நான் குடியை நிறுத்தி எழுபத்தோரு நாள். அந்த எழுபத்தோரு நாளுக்கும் அவர் சொன்னது பொருந்தும்.

சேத்தூரில் ஒரு வீட்டுக்குப் போனோம். பெண் காபி கொடுத்துவிட்டு உள்ளே போனதும், பெண்ணின் தாய்மாமா என் தோளில் கைபோட்டார். "வாங்க மாப்ள, தோப்பப் பாத்துட்டு வருவோம்." தோப்பில் பம்புசெட் அறை இருந்தது. அறைக்குள் ஒரு புட்டி, இரண்டு டம்ளர், ஒரு தட்டில் மிக்சர். காலை பதினொரு மணி.

அந்த வாசனை மூக்கில் பட்டதும் வாயில் எச்சில் ஊறியது. மனம் வேண்டாம் என்று முடிவு செய்வதற்குள் உடம்பு சம்மதித்துவிடுகிறது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"எனக்கு வேண்டாம் மாமா."

"சுகரா?"

"இல்ல."

"அல்சரா?"

"இல்ல."

"மாலை போட்டிருக்கீயளோ?"

அவரே எடுத்துக் கொடுத்த காரணம் என்பதால் தலையாட்டிவிட்டேன்.

"சித்திரையில என்னவே மாலை?"

 பம்புசெட்டின் ஸ்டார்ட்டரைக் காட்டி, "இதுல காண்டாக்ட் தேஞ்சிருக்கு, மாத்தணும்" என்றேன். அரைமணி நேரம் அதைப் பற்றியே பேசினேன். அவர் இரண்டு டம்ளரையும் தானே முடித்தார். மறுநாள் தரகர் சொல்லி அனுப்பிய பதில்: "பையன் யார்கூடவும் ஒட்டமாட்டேங்குதான். உடம்புல ஏதோ பெரிய சீக்கு இருக்கும்போல."

குடித்தால் கெட்ட பழக்கம். குடிக்காவிட்டால் பெரிய நோய். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதன் எங்கே போய் உட்காருவது என்று அன்று முழுக்க யோசித்தேன். அக்கா மட்டும் சொன்னாள்: "போகட்டும்லே. அந்த மாமன் உனக்கு மாமனா வாய்ச்சிருந்தா ஒரே வருசத்துல நீ மறுபடியும் மூட்டை மேல படுத்திருப்ப."

உட்காரும் இடம் கடைசியில் கிடைத்தது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் மரப் பெஞ்சு.

டீச்சர் தன்னிடம் பயில்பவர்களைப் பழகுநர் உரிமத்துக்கு அழைத்துப் போகும்போது, அக்காவுக்குத் துணையாக நானும் போனேன். அக்காவை உள்ளே கூப்பிட இரண்டு மணி நேரம் ஆனது. பெஞ்சின் ஒரு முனையில் நான், மறுமுனையில் டீச்சர், நடுவில் மூன்று ஹெல்மெட். குடிக்காத மனிதனுக்கு இரண்டு மணி நேரம் எவ்வளவு நீளம் என்பது அங்கே தெரிந்தது. என் குரலே எனக்குக் கேட்டது. ஒவ்வொரு வார்த்தையும் வெளியே போய் என்ன ஆகிறது என்று பின்னாலேயே போய்ப் பார்க்க வேண்டியிருந்தது.

"இன்னிக்கு வெயில் ஜாஸ்தி" என்றேன்.

"ஆமா" என்றார்.

பத்து நிமிடம் கழித்து, "நேத்தும் ஜாஸ்தி" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "முந்தாநாளு பத்தி எப்பச் சொல்லுவீய?" என்று கேட்டார்.

அதிலிருந்து பேச வந்துவிட்டது. ஒரு மருத்துவரின் மனைவி பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரைத் திருகி இளநீர்க் கடைக்குள் போன கதையைச் சொன்னார். நான் ஆலையில் ஷாக் அடித்து, எதிரே நின்ற மேனேஜரைக் கட்டிப்பிடித்த கதையைச் சொன்னேன். வீட்டுக்கு வந்து படுத்தபோது, அவர் சொன்ன ஒவ்வொன்றும் வரிசை மாறாமல் நினைவிருப்பதைக் கவனித்தேன். எனக்கு அது புதிது. ஒருவருடன் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு, அந்த இரண்டு மணி நேரத்தையும் முழுசாக வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன்.

அடுத்தடுத்து டீச்சரின் மாணவிகள் யார் உரிமம் வாங்கப் போனாலும் நான் ஏதாவது ஒரு காரணத்தோடு அங்கே இருந்தேன். முப்பத்தைந்து தாண்டிய ஓர் ஆணும் பெண்ணும் சும்மா உட்கார்ந்து பேச எங்கள் ஊர்களில் வேறு இடம் இல்லை. அந்தப் பெஞ்சில் மட்டும் யாரும் ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்பதில்லை.

ஒருநாள் அவர் நேரடியாகக் கேட்டார். "குடிப்பீயளா?"

"இல்ல டீச்சர்."

இலக்கணப்படி அது உண்மை. அவர் கேட்டது 'குடித்தீர்களா' என்று அல்ல.

"நல்லது. எங்க வீட்டுக்காரரு குடிச்சாரு. மூணு வருசம் பாத்தேன். பொறவு பெட்டிய எடுத்துக்கிட்டு எங்க அம்மா வீட்டுக்கு வந்துட்டேன். கோர்ட்ல எல்லாம் முடிஞ்சு போச்சு. இன்னொரு தடவ அந்த வாசனைகூட எனக்கு ஆகாது."

நான் தலையாட்டினேன். நடுவிலிருந்த ஹெல்மெட் ஒன்றை எடுத்து, அதன் வாரைப் பூட்டிப் பூட்டித் திறந்தேன். 

மறைப்பது எளிதாகத்தான் இருந்தது. அக்காவோடு டீச்சர் வீட்டுக்குப் போனபோது, அவருடைய அம்மா வைத்த பால்கோவாவை நான் தொடவில்லை. "சுகராப்பா?" என்றார். "ஆமாம்மா" என்றேன். அதன்பிறகு அந்த அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் பாகற்காய் கொடுத்தனுப்பினார். இல்லாத நோய்க்காக ஐந்து வாரம் பாகற்காய் தின்றேன். ஆறாவது வாரம், சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன்.

அதற்குள் நான் வேலைக்குத் திரும்பி ராஜபாளையத்தில் இருந்தேன். வார விடுமுறைக்கு அக்கா வீட்டுக்கு வருவேன். ஆறாம் மாதப் பரிசோதனைக்குப் போக வேண்டிய திங்கட்கிழமை, டீச்சருக்கும் ராஜபாளையத்தில் ஸ்கூட்டர் பாகம் வாங்கும் வேலை இருந்தது. "பின்னால ஏறிக்கிடுங்க" என்றார். நான் பைக்கை விற்று வெகுநாள் ஆகியிருந்தது.  ஒரு பெண்ணுக்குப் பின்னால் ஓர் ஆண் உட்கார்ந்து போவதைக் கடைவீதி முழுவதும் திரும்பிப் பார்த்தது.

பின்னால் உட்கார்ந்தால் முகத்தைப் பார்க்க வேண்டாம். சொல்ல இதைவிட நல்ல இடம் இல்லை என்று தோன்றியது. ஊர் தாண்டியதும் ஆரம்பித்தேன்.

"டீச்சர், ஒண்ணு சொல்லணும்."

"என்ன?"

"எனக்குச் சுகர் இல்ல."

"கேக்கல!" ஹெல்மெட், காற்று, பக்கத்தில் ஒரு லாரி.

"சுகர் இல்ல!"

"யாருக்கு?"

நான் இன்னும் சத்தமாகச் சொன்னேன். அதுவும் கேட்கவில்லை. ரயில்வே கேட் மூடியிருந்ததை நான் கவனிக்கவில்லை. வண்டிகள் நின்றன. எல்லோரும் எஞ்சினை அணைத்தார்கள். டீச்சரும் அணைத்தார். அந்த நிசப்தத்தின் நடுவில், நெஞ்சிலிருந்த காற்று முழுவதையும் சேர்த்து நான் கத்திக்கொண்டிருந்தேன்:

"நான் பதினாலு வருசம் குடிகாரனா இருந்தேன்!"

இரண்டு பேருந்து, ஒரு டிராக்டர், இருபது பைக். எல்லாத் தலைகளும் திரும்பின.

பேருந்து ஜன்னலிலிருந்து ஓர் அம்மா சொன்னார், "அதுக்கு ஏன்யா ரோட்டுல நின்னு கத்துத?"

டிராக்டரில் இருந்தவர், "இப்பமும் போட்டிருக்கான்போல" என்றார்.

பின்னால் பைக்கில் இருந்த ஒருவர் மட்டும் மெதுவாக, "எப்படிண்ணே நிறுத்துனீய?" என்று கேட்டார்.

ரயில் வந்து, மெதுவாகக் கடந்து போனது. டீச்சர் திரும்பவே இல்லை. அவருடைய கழுத்தின் பின்புறம் மட்டும் தெரிந்தது. கேட் திறந்ததும் வண்டியைக் கிளப்பினார். 

மருத்துவமனை வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். வண்டியை நிறுத்திப் பூட்டிவிட்டு, எனக்கு முன்னால் மருத்துவர் அறைக்குள் போய் உட்கார்ந்தார்.

"சார், இவியளுக்கு என்ன சீக்கு?"

மருத்துவர் என்னைப் பார்த்தார். சொல்லலாம் என்று தலையாட்டினேன். அவர் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். ஸ்பூன் கதை உட்பட.

"மறுபடி குடிப்பாவளா?"

"தெரியாதும்மா. தெரியும்னு சொன்னா நான் பொய் சொல்றேன். ஆறு மாசமா குடிக்கலைன்னு ரத்தம் சொல்லுது. அதுக்கு மேல என்கிட்ட டெஸ்ட் இல்ல."

டீச்சர் எழுந்தார். என்னிடம், "நீங்க பஸ்ல போயிருங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதன்பின் பேச்சு இல்லை. போன் எடுக்கவில்லை. மூன்றாவது வாரம், ஒரு மாலை ஐந்தரை மணிக்கு ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தவன், அறைக்குப் போகவில்லை. மதுக்கடை இருக்கும் தெருமுனையில் போய் நின்றேன். ஏன் வந்தேன் என்று எனக்குத் தெரியும். உண்மையைச் சொன்னேன், அதற்கு இதுதானே கிடைத்தது என்று ஒரு குரல் நியாயம் பேசியது. அது என் குரல் போலவே இருந்தது.

மருத்துவர் ஒன்று சொல்லியிருந்தார்: வேட்கை (குடிக்க வேண்டும் என்று உடலும் மனமும் சேர்ந்து பிடித்து இழுப்பது) உச்சிக்குப் போனால் இறங்கியே தீரும், அதுவரை யாரையாவது கூப்பிடு. அக்காவைக் கூப்பிட்டேன்.

"எங்க நிக்க?" என்றாள். சொன்னேன். "எதிர்த்தாப்புல சோடாக் கடை இருக்கா? அங்க போய் உக்காரு. நான் வாரேன்."

பேருந்தில் வருவாள் என்று நினைத்தேன். அக்கா ஸ்கூட்டரை எடுத்திருக்கிறாள். பழகுநர் பலகை கட்டிய வண்டியில், தனியாக, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் வரை, இரண்டு கால்களையும் தேய்த்துக்கொண்டே வந்தாள். சைக்கிள்காரர்கள் எல்லாம் முந்திப் போனார்களாம். வந்து சேர ஒன்றேகால் மணி நேரம். அதற்குள் நான் மூன்று எலுமிச்சை சோடா குடித்து, வயிறு உப்பி, ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தேன். எதற்காக அங்கே வந்தேன் என்பதே பழைய விஷயமாகிவிட்டிருந்தது. இழுப்பு இறங்கியிருந்தது. அவள் வேகமாக ஓட்டத் தெரிந்தவளாக இருந்திருந்தால், உச்சியில் இருக்கும்போது வந்து என்னோடு சண்டை போட்டிருப்பாள். என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது.

அக்காவின் செருப்பு இரண்டும் தேய்ந்து போயிருந்தன. "டீச்சர்ட்ட சொல்லிராதலே" என்றாள். மறுநாள் அவளே சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் அக்கா வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"லைசென்ஸ் இல்லாம, காலத் தேச்சுக்கிட்டு, ராஜபாளையம் வரைக்கும் உங்க அக்கா போயிருக்காவ. நான்தான் சொல்லிக்குடுத்தேன்னு ஊருக்கே தெரியும். என் பேரு என்னாவுறது?"

"தப்புத்தான் டீச்சர்."

 பிறகு குரல் இறங்கியது. "அன்னிக்குக் குடிக்கலியா?"

"இல்ல. சோடா."

"எங்க பழைய வீட்டுக்காரரு ஒருநாளும் யாருக்கும் போன் போட்டதில்ல." அக்காவின் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "கேளுங்க. நீங்க ஒரு தடவ குடிச்சாலும் நான் சண்டை போட மாட்டேன், அழ மாட்டேன். கிளம்பிருவேன். கிளம்பத் தெரியும் எனக்கு. இது சம்மதம்னா பேசுவோம்."

பயமுறுத்தல்தான். ஆனால் எனக்கு ஆறுதலாக இருந்தது. அதுவரை எல்லோரும் என்னிடம் சத்தியம் கேட்டார்கள். நான் கணக்கில்லாமல் செய்து கொடுத்திருக்கிறேன். இவர் சத்தியம் கேட்கவில்லை. தான் என்ன செய்வார் என்பதை மட்டும் சொன்னார்.

"இன்னொண்ணு," என்றார். "அடுத்த தடவ அப்படித் தோணுனா எனக்குப் போன் போடுங்க. நான் கால் மணி நேரத்துல வருவேன்."

"அம்புட்டு வேகம் வேண்டாம் டீச்சர்" என்றேன். "மெதுவா வந்தாத்தான் பலிக்குது."

சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். சாப்பாட்டுப் பந்தியில் என் பழைய நண்பர்கள் நால்வர் உட்கார்ந்து, இதற்கு முன் பார்த்தே இராதவர்களைப் போல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பத்து வருடப் பழக்கம். நிதானத்தில் என்ன பேசுவதென்று அவர்களுக்கும் தெரியவில்லை. அவர்கள்மேல் இரக்கம் வந்து, நானே போய் வெயிலைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன். செல்வராணியின் அம்மா மட்டும் என் இலையில் இனிப்பு வைக்காமல், கூடுதலாக ஒரு கரண்டி பாகற்காய் வைத்தார். எவ்வளவு சொல்லியும் அவர் எனக்குச் சர்க்கரை நோய் இல்லை என்று நம்பவில்லை.

நன்றாகிவிட்டேனா என்று கேட்கிறார்கள். கணையம் முழுதாகப் பழைய நிலைக்கு வரவில்லை. மாத்திரை உண்டு, பரிசோதனை உண்டு. ஆனால் உடம்பு இப்போது என்னிடம் பேசுகிறது. பசித்தால் பசி என்கிறது. சோர்ந்தால் சோர்வு என்கிறது. பதினாலு வருடம் எல்லாவற்றுக்கும் ஒரே பெயரைச் சொல்லி ஒரே மருந்தை ஊற்றியிருக்கிறேன்.

சென்ற வாரம் எங்களுக்குள் ஒரு சண்டை. துவைத்த துணியை நான் மடிக்காமல் நாற்காலியில் குவித்தது பற்றித் தொடங்கி, நான் எதையும் முழுசாக முடிப்பதில்லை என்று வளர்ந்தது. முன்பெல்லாம் எந்தச் சண்டையும் மறுநாள் எனக்கு நினைவிருக்காது. இதில் ஒவ்வொரு வார்த்தையும் நினைவிருந்தது. நான் சொன்னதும், அவள் சொன்னதில் இருந்த நியாயமும். தாங்க முடியாமல் ஆறு மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தேன். தேரடி வரை போனேன். தெப்பக்குளத்தைச் சுற்றினேன். ஒரு கடையில் நின்று இடியாப்பம் சாப்பிட்டேன். இரண்டு மூன்று மணி நேரம் ஆகியிருக்கும், கோபம் ஆறித் தூங்கியிருப்பாள் என்று நினைத்துத் திரும்பினேன்.

செல்வராணி கூடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். சுவர்க் கடிகாரத்தில் மணி ஏழேகால்.

"அதுக்குள்ளயா வந்துட்டீய?" என்றாள். நெருங்கி வந்து என் மூச்சை முகர்ந்து பார்த்தாள். இடியாப்பத்தின் தேங்காய்ப்பால் வாசனைதான் வந்திருக்கும். அவள் முகம் கொஞ்சம் இளகியது.

"தேங்காப்பால் உங்களுக்கு ஆகாதுல்லா? கொழுப்பு" என்றாள்.

பிறகு நாற்காலியிலிருந்த துணியை இரண்டு பாகமாகப் பிரித்து, ஒன்றை என் மடியில் போட்டாள். எதிரெதிரே உட்கார்ந்து மடித்துக்கொண்டே மீதிச் சண்டையைப் போட்டோம். சாயங்காலத்தில் இன்னும் நிறைய பாக்கி இருந்தது.